முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் உழைக்கும்

மரக்காணம் சகாதேவனின் பைக்கில் பின் டயர் மொட்டையாகிப் போனது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தை வாயால் சொல்லி முடியாது.

மற்றவர்களுக்கு டயர் மொட்டையானால் முகம் சுருங்கும். இவர் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிக் கொடுத்தார். முடி இறக்கின குழந்தையின் தலையைத் தாய்மாமன் தடவுவாரே, அந்த ஆசையோடு. ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் இருந்த இடமெல்லாம் வழவழவென்று கிடந்தது. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல ஒரு மினுமினுப்பு.

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

சகாதேவனுக்கு உப்பளத்தில் மோட்டார் பார்க்கிற வேலை. உப்பங்கழித் தண்ணீரை இழுத்து வாய்க்காலில் விடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மோட்டார் ஓடும். இவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அவரவர் வேலையைக் குறை வைக்காமல் செய்து வந்தார்கள். அவருடைய மனைவி அம்சவள்ளிக்கும் அதே அளத்தில்தான் வேலை. ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. பத்துப் பெண்களுக்குத் தலைவியாக நின்று பாத்தி மிதிப்பாள், உப்பு வாருவாள், கூடை சுமப்பாள். மகள் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து களைத்துப் போகிற சகாதேவன், ஏழாவது நாள் படுக்க ஆசைப்பட்டார். இதில் என்ன தப்பு? காலையில் கடல் மீன் குழம்பு. மதியம் வெறுந்தரையில் ஒரு துண்டு. கண்ணை மூடினால் பக்கத்து வீட்டு டிவியில் சாயங்காலப் படம் ஆரம்பிக்கும்போது திறக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கிடைத்தது வானூர்.

வானூரைத் தாண்டி இரண்டு மைலில் அம்சவள்ளியின் ஊர். அங்கே அவளுடைய அப்பா வெங்கடாசலம், ஒன்றரை ஏக்கர் கொல்லை, இரண்டு மாடு. அம்மா காலமான பிறகு பெரியவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்று அம்சவள்ளிக்கு மனசு கேட்காது. இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து விடுவாள். போக முப்பத்தைந்து கிலோமீட்டர், வர முப்பத்தைந்து.

மாமனார் தங்கமான மனிதர். மருமகனை ஒரு நாளும் வேலை செய் என்று சொன்னதே இல்லை. "மாப்ள, சும்மா இப்டி வந்து நில்லுங்க" என்பார். போய் நின்றால், "நின்னதுதான் நின்னீங்க, ஒரு கை குடுங்க" என்பார். மாமனார் கணக்கில் ஒரு கை என்றால் இரண்டு கை, இரண்டு கால், ஒரு முதுகு. வேலி கட்டுவது, எரு கொட்டுவது, மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுப்பது என்று அந்த ஒரு கை இரண்டு வருஷத்தில் எவ்வளவோ செய்துவிட்டது. திங்கட்கிழமை காலை மோட்டார் பக்கத்தில் வந்து உட்காரும்போது சகாதேவனுக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

இப்போது சொல்லுங்கள். மொட்டை டயரைத் தடவிக் கொடுப்பாரா, மாட்டாரா?

2006 பொங்கல் முடிந்த வாரம் அது. டயரைத் தடவிக்கொண்டிருந்தவரின் பின்னால் அம்சவள்ளி வந்து நின்றாள்.

"இன்னாங்க, டயரையே பாத்துக்கினு குந்திக்கினு இருக்கீங்க?"

"மொட்ட ஆயிடுச்சி அம்சா. உன்னை ஏத்திக்கினு அவ்ளோ தூரம் போறது டேஞ்சர்."

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குதே. மாத்திடுங்க."

"மாத்துறது பெருசில்ல. எதை மாத்துறதுன்றதுதான் பெருசு." சகாதேவன் எழுந்து நின்றார். ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லப் போகிறவர் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது. "டயருல ரெண்டு ஜாதி இருக்குது. ஒண்ணு பிடிக்கிற டயரு. இன்னொண்ணு உழைக்கிற டயரு. பிடிக்கிறது ரோட்டை அப்டியே கவ்விக்கும், வளைவுல சாச்சு ஓட்டலாம், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். உழைக்கிறது வருஷக்கணக்கா தேயாது, ஆனா ஈரத்துல வழுக்கும். ரெண்டுல எது நமக்குன்னு யோசிக்காம வாங்கிட முடியுமா?"

இந்த ஞானம் அவருக்கு எப்படி வந்தது என்றால், அதற்கு முந்தின வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விரட்டிக்கொண்டு போகிற பெரிய பைக் ஒன்று டீக்கடையில் நின்றது. அதை ஓட்டி வந்த தோல் சட்டைக்காரர் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் முடிவதற்குள் டயர் சாஸ்திரம் முழுவதையும் சகாதேவனுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாம் காம்பவுண்டுலதான் இருக்குது அம்சா. சாஃப்ட் காம்பவுண்டா, ஹார்டு காம்பவுண்டா, அதான் கேள்வி."

"டயருக்கு எதுக்குங்க காம்பவுண்டு? நம்ப வூட்டுக்கே வேலிதான் இருக்குது."

"அந்தக் காம்பவுண்டு இல்ல. ரப்பர் கலவைக்குப் பேரு அது."

"அப்டிங்களா" என்று அம்சவள்ளி கேட்டுக்கொண்டாள். உயிர் போகிற விஷயம், அவசரப்படக் கூடாது, நன்றாக யோசித்தே வாங்குங்கள் என்றும் சொன்னாள். அந்த ஞாயிறு வானூர் இல்லை. மீன் குழம்பு கொதித்தது. துண்டு தரையில் விரிந்தது.

டயர் மொட்டையான வரைக்கும் அது தற்செயல். அதற்குப் பிறகு நடந்தது சதி. துண்டில் படுத்தபடியே சகாதேவன் முடிவெடுத்தார்: இந்தப் பிறவியில் டயர் விஷயத்தில் முடிவே எடுப்பதில்லை.

இரண்டாவது வாரம் அவர் பிடிக்கிற டயர் கட்சி. உயிர்தான் முக்கியம், தேய்ந்தால் தேயட்டும் என்றார். அம்சவள்ளியும் சரி என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை அவர் மனசு மாறியது. நம் ஊர் வெயிலில் சாஃப்ட் ரப்பர் தோசை மாவு மாதிரி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம் வந்தது. மூன்றாவது வாரம் உழைக்கிற டயர் கட்சிக்குத் தாவினார்.

"அப்போ உழைக்கிறதையே போடுங்க" என்றாள் அம்சவள்ளி. "நம்ப வூட்ல ஆம்பளைங்க பக்கம் எதுனா ஒண்ணு உழைக்கட்டும்."

அதைக் காதில் வாங்காத மாதிரி அவர் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார். கண்ணாயிரம் அடுத்த அளத்தில் மோட்டார் பார்க்கிறவர். அதாவது அவரும் உட்கார்ந்திருக்கிறவர். அவருடைய வண்டியில் இருந்தது உழைக்கிற டயர், நாலு வருஷமாக. அதைப் பற்றிக் கேட்டால் போதும், பிள்ளை பெருமை பேசுகிற மாதிரி பேசுவார்.

"ஏம்பா சகாதேவா, நீயே பாரு. பட்டன் ஒரு பொட்டு தேயல."

டயர் தேயவில்லை, உண்மைதான். எக்கியார்குப்பம் திருப்பத்தில் ஒரு முறை, அளத்துக் கரையில் இரண்டு முறை, நல்ல தார் ரோட்டில் தூறலில் ஒரு முறை என்று கண்ணாயிரம்தான் தேய்ந்திருந்தார். வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார். அங்கே பட்டன் சுத்தமாக இல்லை.

"பாத்தியா அம்சா? இதை நம்பி உன்னை எப்டி ஏத்திக்கினு போவேன்?" என்றார் சகாதேவன். மூன்றாவது ஞாயிறும் தப்பித்தது. நாலாவது வாரம் மறுபடி பிடிக்கிற கட்சி. ஐந்தாவது வாரம் காற்றின் அளவைப் பற்றி ஒரு சந்தேகம். ஆறாவது வாரம், பட்டன் கோடு நேராக இருக்க வேண்டுமா சாய்ந்திருக்க வேண்டுமா என்று ஒரு புதிய கேள்வி. இதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பிடிப்பு, வலப்பக்கம் உழைப்பு என்று எழுதி வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் ஒரு பாயிண்ட் கூடினால் அடுத்த பக்கத்தில் ஒன்று சேர்த்துச் சமமாக்கி விடுவார். தராசு எந்தப் பக்கமும் சாயாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை. அவர் வாழ்க்கையில் இவ்வளவு உழைத்ததே கிடையாது.

அம்சவள்ளி அப்பாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சமாதானம் சொன்னாள். பஸ்ஸில் போகலாம் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், கடைசி இரண்டு மைலுக்குப் பஸ்ஸே கிடையாது. இரண்டு முறை போய் வந்து ஓய்ந்து போனாள். இருந்தாலும் கணவர் மேல் சந்தேகப்படவில்லை. பாவம், நமக்காகத்தானே இவ்வளவு படிக்கிறார் என்று நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள்.

ஏழாவது ஞாயிறு வந்தது பாருங்கள், அதுதான் சகாதேவனின் வினை. அன்று பிரியாணி வடிவத்தில் வந்தது.

கோட்டக்குப்பத்தில் அளத்து லாரிக்காரர் வீட்டுக் கல்யாணம். துபாயிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். பத்து தேக்சா பிரியாணி என்று கண்ணாயிரம் வந்து சொன்னார். அதைக் கேட்டதும் சகாதேவனுக்குக் காம்பவுண்டு மறந்தது, பட்டன் மறந்தது, மொட்டை மறந்தது. கண்ணாயிரத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டரை ஒரே மூச்சில் போய்விட்டு, ஒரு மூச்சும் விட முடியாமல் திரும்பி வந்தார். மனைவிக்கும் பாசமாக ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்.

அம்சவள்ளி பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"டபுள்ஸா போனீங்க?"

"ஆமா."

"டயரு வழுக்கலீங்களா?"

சகாதேவனுக்கு அப்போதுதான் டயர் ஞாபகம் வந்தது. "கண்ணாயிரம் பின்னாடி கெட்டியா பிடிச்சிக்கினு இருந்தான்" என்றார்.

கோட்டக்குப்பம் போகிற வழியிலேயே மேற்கே திரும்பினால் வானூர் ரோடு. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கோட்டக்குப்பம் வரைக்கும் வழுக்காத டயர் அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் மட்டும் எப்படி வழுக்கும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஒரு பொய்யைத் தேடிப் பிடித்திருப்பார். அவள் எலும்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

பதினேழு வருஷக் குடித்தனத்தில் சகாதேவன் பயந்தது இரண்டுக்குத்தான். ஒன்று உப்பு எடுக்கிற காலத்தில் வரும் மழை. இன்னொன்று அம்சவள்ளி ஒற்றை வார்த்தையில் சொல்லும் 'சரிங்க'.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் மதியம், சகாதேவனும் கண்ணாயிரமும் மோட்டார் கொட்டகை நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தபோது, அம்சவள்ளி பாத்தியிலிருந்து கரையேறி வந்தாள். முந்தின மழைக்காலம் பின்னி எடுத்ததில் அந்த வருஷம் பாத்தி வேலை பின்தங்கிப் போயிருந்தது. மாசி முடியப் போகிற நேரத்திலும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாத்தி மிதிப்பது என்றால், உப்புப் பாத்தியின் அடிச்சேற்றைப் பெண்கள் வரிசையாக நின்று காலாலேயே மிதித்து மிதித்து சிமெண்ட் தரை மாதிரி இறுக்குவது. வழுக்கும். விழாமல் மிதிக்க வேண்டும், நாள் பூராவும் மிதிக்க வேண்டும்.

கரையில் உட்கார்ந்து காலைக் கழுவியவள், பாதத்தைத் திருப்பிக் கணவருக்குக் காட்டினாள்.

"இங்க பாருங்க. வெரலு பக்கம் தொட்டுப் பாருங்க."

"சாப்புடுற நேரத்துல இன்னா அம்சா இது."

"டயரு விஷயம்ங்க."

கண்ணாயிரம் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"வெரலு மெத்துன்னு இருக்குது. சேத்துல வழுக்காம இதுதான் பிடிச்சிக்குது. இந்தப் பக்கம் திரும்புறதா, அந்தப் பக்கம் திரும்புறதா, எல்லாம் வெரலுதான் பாத்துக்குது. குதிகாலு பாருங்க, கல்லு மாதிரி. அதுக்குத் திரும்புற வேலை இல்ல. பாரம் பூரா அதுமேலதான். அதான் கெட்டியா இருக்குது, தேயாம உழைக்குது. ஒரே பாதத்துல சாமி ரெண்டு ரப்பரு வெச்சிருக்குது. நீங்க எதுக்கு ரெண்டு டயரும் ஒரே ஜாதியா தேடிக்கினு இருக்கீங்க?"

சகாதேவன் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தார்.

"முன்னாடி சக்கரந்தான் திரும்புது. அதுக்குப் பிடிக்கிற டயரு. முன்னாடியும் தேஞ்சுதான கெடக்குது, அதையும் சேத்து மாத்திடலாம். பின்னாடி சக்கரத்துமேல நான் குந்திக்கினு வர்றேன். அதுக்கு உழைக்கிற டயரு. வேலை முடிஞ்சிச்சு."

இடப்பக்கமும் வலப்பக்கமும் இத்தனை நாளாகச் சமமாக வைத்திருந்த நோட்டு மனசுக்குள் படபடவென்று மூடிக்கொண்டது. கண்ணாயிரம் வேறு, "தங்கச்சி சொல்றது சரிப்பா, எனக்கே இது தோணல" என்று எரிகிறதில் எண்ணெயை விட்டார். மறுத்துச் சொல்ல ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வதையே சகாதேவனும் செய்தார். குரலை உயர்த்தினார்.

"சொல்லிட்டா ஆச்சா? ஓட்டிப் பாத்துல்ல முடிவு பண்ணணும்? டெஸ்ட்னு ஒண்ணு இருக்குது அம்சா. ஒரு டயரு நல்லதா கெட்டதான்னு சொல்லணும்னா பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடணும். தாரு ரோடு, செம்மண்ணு, ஈரம், வெயிலு, டபுள்ஸு, லோடு, எல்லாத்துலயும் ஓட்டணும். ஒரே ரோட்ல ஓட்டணும், மாத்தி மாத்தி ஓட்டுனா கணக்கு தப்பாயிடும். வாரா வாரம் பட்டனை அளந்து நோட்ல எழுதணும். ஒரு வாரம் வுட்டாலும் டெஸ்ட் செல்லாது. இதெல்லாம் ஆவுற கதையா? எவன் நமக்கு டெஸ்ட் பண்ண டயரு குடுப்பான்?"

வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். இதில் பாதி தோல் சட்டைக்காரர் சொன்னது, மீதி அந்த நிமிஷத்தில் முளைத்தது.

அம்சவள்ளி ஒவ்வொன்றாக விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டாள். "ஒரே ரோடு. வாரா வாரம். ஒரு வாரமும் வுடக் கூடாது. அப்டித்தானங்க?"

"அப்டித்தான்."

"கண்ணாயிரம் அண்ணா, நீங்களும் கேட்டுக்கினீங்க இல்ல?"

"கேட்டுக்கினேம்மா."

"சரிங்க" என்று எழுந்து பாத்திக்குப் போய்விட்டாள்.

இந்த முறை 'சரிங்க'வை சகாதேவன் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஜெயித்த மயக்கத்தில் இருந்தார். எட்டாவது ஞாயிறு அவர் தூங்கிய தூக்கம் பக்கத்து வீட்டு டிவிக்கும் கலையவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு, பங்குனி பிறந்த முதல் ஞாயிறு. காலையில் வாசலில் ஒரு மொபட் வந்து நின்றது. ஓட்டி வந்தவரின் கழுத்தில் மாலை மாதிரி ஒரு டயர், பின்னால் கட்டினபடி இன்னொரு டயர். வானூரில் டயர் கடை வைத்திருக்கிற நடராசன் அவர். அம்சவள்ளியின் ஊர்க்காரர், அவளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்.

"மாமா, அம்சா எல்லாம் போன்ல சொல்லிச்சு" என்று டயரைக் கழுத்திலிருந்து இறக்கினார். "உப்பளத்துக்காரங்க என் கடைக்கு வந்து, உப்புக் காத்துக்கும் உப்புத் தண்ணிக்கும் எந்த டயரு தாங்கும்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. உங்களை மாதிரி ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தர் ஓட்டிப் பாத்துச் சொன்னா, நம்பி வாங்குவாங்க. ரெண்டும் உங்களுக்குத்தான். ஓட்டிப் பாத்து எழுதிக் குடுத்தா போதும்."

ஆராய்ச்சி என்ற சொல் சகாதேவனின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அளத்தில் அவரை 'தூங்குமூஞ்சி மோட்டார்' என்றுதான் சொல்வார்கள். உள்ளே போய் அட்டை போட்ட நோட்டை எடுத்து வந்து நடராசனுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினார். ஏற்றுக்கொள்கிறேன் என்றார். முறைப்படிதான் செய்வேன், வாரம் தவறினால் எனக்குப் பிடிக்காது என்றும் சொன்னார். கண்ணாயிரம் வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு இருந்தது. அதைச் சகாதேவன் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

நடராசனே டயர்களை மாட்டிக் கொடுத்தார். முன்னால் பிடிக்கிறது, பின்னால் உழைக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் சகாதேவன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"வாரா வாரம் எங்கப்பா அளக்குறது?"

"கடையிலதான் மாமா. வானூர்ல."

சகாதேவனுக்குக் காலடியில் தரை லேசாக வழுக்கியது. "இங்கயே அளக்கக் கூடாதா? தாரு ரோடு இங்கயே இருக்குது. மண்ணு ரோடும் இருக்குது."

"இங்க இருக்குறது உப்பு மண்ணுங்க" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அம்சவள்ளி புடவை மாற்றிக்கொண்டு, கையில் பையோடு வெளியே வந்தாள். "நீங்க செம்மண்ணுன்னு சொன்னீங்க. எங்கப்பா கொல்லைக்குப் போற பாதை பூரா செம்மண்ணுதான். நடுவுல வாய்க்கா ஒண்ணு தாண்டணும், ஈரத்துக்கு அது. வெயிலு தானா வந்துடும். டபுள்ஸுக்கு நான் இருக்கேன்."

"லோடு?"

"வரும்போது ரெண்டு மூட்டை மல்லாட்டை."

ஒரே ரோடு. வாரா வாரம். ஒரு வாரமும் விடக் கூடாது. எல்லாம் அவர் வாயால் சொன்னது, சாட்சி வேலிக்கு மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. சகாதேவன் வண்டியை உதைத்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். டயர் அருமையான டயர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் வண்டி புதுப் பிறவி எடுத்துக்கொண்டது. வளைவில் சாய்த்தால் முன்சக்கரம் ரோட்டைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி திரும்பியது. பிரேக் போட்டால் நின்றது. கண்ணாயிரம் தேய்ந்த எக்கியார்குப்பம் திருப்பத்தில் சகாதேவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது. பின்னால் அம்சவள்ளி பயப்படாமல் உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்துக்கு அவருக்கே எங்கே போகிறோம் என்பது மறந்து போனது. வாய்விட்டுப் பாடக்கூடச் செய்தார்.

செம்மண் பாதையில் பாட்டு நின்றது.

மாமனார் கொல்லையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை முற்றி, இலை பழுத்து, பிடுங்கத் தயாராக ஒன்றரை ஏக்கருக்கும் விரிந்து கிடந்தது. எட்டு வாரமாகப் பார்க்காத மருமகனைப் பார்த்ததும் பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்க மாப்ள. டயரு பத்தி பெரிய ஆராய்ச்சின்னு அம்சா சொல்லிச்சு. நம்ப குடும்பத்துல இப்டி ஒருத்தர் இருக்குறது எவ்ளோ பெருமை. சும்மா இப்டி வந்து நில்லுங்க."

போய் நின்றார். ஒரு கை கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு வரிசை பிடுங்கினார். இடுப்பை நிமிர்த்தும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் போட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கு எழுபது கிலோமீட்டர். டெஸ்ட்டுக்குப் பத்தாயிரம். வகுத்தால் நூற்று நாற்பத்து மூன்று ஞாயிறு. தப்பாக இருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே நூற்று நாற்பத்து மூன்று.

இரண்டே முக்கால் வருஷம்.

அப்போதுதான் அவர் எழுந்தார். எட்டு வாரமாக எடுக்காத முடிவை, இந்தப் பிறவியில் எடுப்பதில்லை என்று வைத்திருந்த முடிவை, கொல்லை நடுவில் நின்று எடுத்தார்.

"அம்சா. நான் முடிவு பண்ணிட்டேன்."

செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாங்க முடிவு?"

"முன்னாடி பிடிக்கிறது, பின்னாடி உழைக்கிறது. இந்த ஜோடிதான் சரி. இதுக்கு மேல டெஸ்ட் தேவையில்ல. நான் வர்ற வழியிலயே புரிஞ்சிக்கினேன். நடராசன்கிட்ட இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன். ஆராய்ச்சி முடிஞ்சிச்சு."

அம்சவள்ளி மடியில் கிடந்த காய்களைக் கூடையில் தட்டிவிட்டு எழுந்து வந்தாள். முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"நல்ல காலம். அப்பா, இவரு முடிவு பண்ணிட்டாரு. டயரு நல்ல டயராம். இனிமே பயமில்லாம வாரா வாரம் வரலாம்."

மாமனார் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

சகாதேவன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். முடிவு எடுக்காவிட்டால் டெஸ்ட்டுக்கு வர வேண்டும். எடுத்துவிட்டால் டயர் நல்லதாக இருக்கிறது, அதற்காக வர வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக, அவர் நோட்டை விட அழகாக, ஒரு தராசு அவர் முன்னால் நின்றது. மெதுவாக, குரல் இறங்கி, மனைவியிடம் கேட்டார்.

"எவ்ளோ நாளைக்கு அம்சா?"

"இந்த டயரும் மொட்ட ஆவுற வரைக்கும்தாங்க."

அவருக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. மொட்டையாகத்தானே போகிறது, எந்த டயர்தான் ஆகாமல் இருந்திருக்கிறது. வரப்போரம் நிறுத்தியிருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அது எப்போ ஆவும்?"

அம்சவள்ளி அவர் கையில் அடுத்த வரிசையின் முதல் செடியைப் பிடித்துக் கொடுத்தாள்.

"பின்னாடி மாட்டியிருக்குறது உழைக்கிற டயருங்க."